வாசல் வரை வந்த நலம்

(கொரோனாவுக்குப் பிந்தைய நலவாழ்வுச் சந்தை குறித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே நாளில் மத்திய அரசு இன்னொன்றையும் வெளியிட்டது. நோயாளியை நேரில் பார்க்காமல், தொலைபேசியிலோ வீடியோ காலிலோ பேசி மருத்துவர் மருந்து எழுதிக் கொடுக்கலாம் என்ற வழிகாட்டு நெறிமுறை அது. அதுவரை அப்படி எழுதினால் சட்டம் என்ன சொல்லும் என்று எங்களுக்கே தெளிவில்லாமல் இருந்தது. வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு எல்லோரும் உள்ளே உட்கார்ந்த நாளில், மருத்துவம் அந்த வாசலுக்கு வருவதற்கு முறையான வழி திறந்தது. நான் இன்று பேசப்போவது அந்த வாசலைப் பற்றித்தான். ஆரோக்கியத்தின் பேரைச் சொல்லி அங்கே என்னென்ன வந்தன, வந்ததில் எது நம் உடம்புக்கு உதவியது என்பதைப் பற்றி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்குப் பிறகு நலவாழ்வின் பேரில் வீடு தேடி வந்தவை இரண்டு வகை. ஒன்று, கூரியரில் வரும் பொருள். மற்றொன்று, மாதா மாதம் திரும்ப வந்து “மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று விசாரிக்கும் பெண். நம் பணமும் பேச்சும் முதல் வகையின் பின்னால் போகின்றன. நோயைக் கட்டுக்குள் வைக்கும் வலு இரண்டாவது வகையிடம் இருக்கிறது.

முதலில் பணத்தின் கணக்கு. அமெரிக்காவில் குளோபல் வெல்னஸ் இன்ஸ்டிடியூட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அழகு சாதனம், சத்துணவு, ஜிம், ஸ்பா, ஆரோக்கியச் சுற்றுலா, பாரம்பரிய மருத்துவம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு உலக நலவாழ்வுச் சந்தையின் அளவைக் கணக்கிடுகிறது. 2019-இல் அது 4.9 லட்சம் கோடி டாலர். 2020-இல் ஸ்பாவும் ஜிம்மும் ஓட்டல்களும் மூடிக் கிடந்ததால் 4.4 லட்சம் கோடியாக இறங்கியது. 2023-இல் 6.3 லட்சம் கோடி. இந்தக் கணக்கில் எதை எல்லாம் சேர்க்கலாம் என்பதில் எனக்குக் கேள்விகள் உண்டு. அமைப்பே அந்தத் துறையைச் சார்ந்தது. ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. விழுந்த சந்தை எழுந்தது. எழுந்தபோது முன்னிருந்ததைவிடப் பெரிதாக எழுந்தது.

அதைத் தூக்கி நிறுத்தியதில் பயத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பயந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த நாட்களில் பயப்படாத மருத்துவர்கூட இல்லை. தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, பக்கத்துத் தெருவில் தகரம் அடிக்கிறார்கள். அப்போது ஒரு தாய் தன் பிள்ளைக்கு எதையாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று தவித்தால் அது இயல்பு. அந்தத் தவிப்புக்கு அன்று எல்லோரும் சொன்ன பெயர் ‘எதிர்ப்பு சக்தி’. எண்ணெய், பால், பிஸ்கட், சோப்பு என்று எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் அதே பேச்சு.

கோவையை அடுத்த சின்னியம்பாளையத்தில் 2020 ஜூலையில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஓர் இனிப்புக் கடை, மூலிகை சேர்த்த மைசூர்பா சாப்பிட்டால் கொரோனா குணமாகும் என்று விளம்பரம் கொடுத்தது. உணவுப் பாதுகாப்புத் துறை கடைக்குச் சீல் வைத்து, உரிமத்தை ரத்து செய்தது. சிறிய கடை, உடனே நடவடிக்கை. பெரிய நிறுவனங்கள் விஷயத்தில் அந்த வேகம் இருக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜூன் 23 அன்று, பதஞ்சலி நிறுவனம் கொரோனில் என்ற மாத்திரையை ஹரித்வாரில் வெளியிட்டு, கொரோனாவைக் குணப்படுத்தும் என்று அறிவித்தது. அன்றே ஆயுஷ் அமைச்சகம் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி விவரம் கேட்டது. மாத்திரை பிறகு எதிர்ப்பு சக்திக்கானது என்ற பேரில் விற்பனையானது. அந்த நிறுவனத்தின் விளம்பரங்கள் குறித்து இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றம் போய், நிறுவனம் 2024 ஏப்ரலில் செய்தித்தாள்களில் மன்னிப்பு வெளியிடும் வரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் பெருந்தொற்றே முடிந்துவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. கபசுரக் குடிநீரை நம் அரசே வீடு வீடாகக் கொடுத்தது. சுக்கு, திப்பிலி, கிராம்பு, ஆடாதோடை, கற்பூரவல்லி, நிலவேம்பு, சீந்தில் என்று 15 சரக்குகள் சேர்ந்தது அது. நல்ல சித்த மருத்துவர் அதைக் கொடுக்கும்போது யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று பார்த்துக் கொடுப்பார். கர்ப்பிணியா, வயிற்றுப் புண் உண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்பார். சந்தை செய்தது என்ன? அந்த மருத்துவரை நடுவிலிருந்து எடுத்துவிட்டுச் சரக்கை மட்டும் பாட்டிலில் அடைத்தது. தினமும் சாப்பிடலாம், எத்தனை மாதமும் சாப்பிடலாம், பக்க விளைவே கிடையாது என்றது.

அந்த 15-இல் ஒன்றான சீந்திலையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே கிலோய் என்பார்கள். ஊரடங்கு நாட்களில் அதைத் தனியாகவே மாத்திரையாகவும் சாறாகவும் பலர் சாப்பிட்டார்கள். 2020 கடைசியில் மும்பை மருத்துவர்கள் கல்லீரல் பாதிப்போடு வந்த சிலரை விசாரித்தபோது, ஆறு பேர் சீந்தில் சாப்பிட்டுவந்தது தெரிந்தது. பிறகு நாட்டின் பல மையங்களில் இப்படி வந்த 43 பேரின் விவரங்கள் 2022-இல் வெளியாயின. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சீந்திலைப் போலவே தோற்றமுள்ள வேறொரு கொடியைத் தவறுதலாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது. நான் இரண்டு தரப்பையும் படித்தேன். எது சரியானாலும், பாட்டிலை வாங்குகிறவருக்கு ஒரே நிலைதான். உள்ளே இருப்பது எந்தக் கொடி என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. கொடியைப் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்தவர் அவர் பக்கத்தில் இல்லை.

அலோபதிப் பக்கமும் இதே கதை நடந்தது. துத்தநாகமும் வைட்டமின் சி-யும் சேர்ந்த மாத்திரை அட்டை கிடைக்காமல் மக்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 214 நோயாளிகளிடம் அதைக் கொடுத்தும் கொடுக்காமலும் சோதித்தார்கள். அறிகுறிகள் குறைவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பதால் சோதனையை இடையிலேயே நிறுத்தி, 2021 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டார்கள். அந்த முடிவு மருந்துக்கடைக் கவுண்டர் வரை வந்து சேரவேயில்லை. இன்றும் காய்ச்சல் என்றால் அந்த அட்டையைச் சேர்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாசலுக்கு வந்த எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பாருங்கள். அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தவர் தாகுவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். நிஹான் கோடன் நிறுவனத்தில் 1970-களின் தொடக்கத்தில் வேலை பார்த்தபோது செய்தது. சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் உடம்பில் பாய்ச்சி, நாடி துடிக்கும்போது மாறுகிற பங்கை மட்டும் பிரித்தெடுத்தால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு தெரியும் என்பது அவர் கண்ட வழி. ஊசி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். 2020 ஏப்ரல் 18 அன்று, தன் கருவியை உலகமே தேடிக்கொண்டிருந்த நேரத்தில், 84 வயதில் அவர் காலமானார். மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பேரை அந்தச் சின்னக் கருவி நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. 94-க்குக் கீழே போனால் கிளம்பு என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் தெரிந்துவைத்திருந்தார்கள்.

அதற்கும் ஒரு குறை இருந்ததை அந்த ஆண்டு டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். கருவி சரியென்று காட்டும்போதே உள்ளே ஆக்சிஜன் குறைவாக இருக்கும் நிலை, வெள்ளை நிற நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். தோலின் நிறம் ஒளியின் கணக்கைக் குழப்புகிறது. நம் ஊர் நிறத்துக்கு இது அக்கறைப்பட வேண்டிய செய்தி. நம்மிடம் அது பேசப்பட்டதே குறைவு.

ஆக்சிமீட்டருக்குப் பின்னால் அளவுகள் வரிசையாக வந்தன. வாட்ச் தூக்கத்தை அளக்கிறது, மோதிரம் இதயத்துடிப்பை அளக்கிறது, கையில் ஒட்டும் சென்சார் இரண்டு வாரத்துக்கு நிமிடா நிமிடம் சர்க்கரையை அளக்கிறது. பிறவியிலிருந்தோ சிறுவயதிலிருந்தோ இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைகளின் பெற்றோரிடம் அந்த சென்சாரைப் பற்றிக் கேளுங்கள். நடு ராத்திரியில் சர்க்கரை இறங்கினால் போனில் அலாரம் அடிக்கும். பிள்ளையை எழுப்பி ஜூஸ் கொடுக்கலாம். அந்தத் தாய் தூங்குகிறாள் என்றால் அதற்காகவே அந்தக் கருவியைக் கும்பிடலாம். அதே சென்சாரை இப்போது சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கும் விற்கிறார்கள். சோறு சாப்பிட்டதும் சர்க்கரை ஏறி இறங்குவது ஆரோக்கியமான உடம்பின் வேலை. அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்துப் பயந்து, இட்லியை விட்டு, வாழைப்பழத்தை விட்டு, கடைசியில் சாப்பாட்டைக் கண்டாலே பதற்றம் கொள்ளும் இளைஞர்களை நான் பார்க்கிறேன். தூக்கத்திலும் இது நடக்கிறது. வாட்ச் காட்டும் தூக்க மதிப்பெண்ணைத் துரத்தியே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் கொரோனாவுக்கு முன்பே, 2017-இல், எழுதினார்கள்.

தினம் பத்தாயிரம் அடி என்ற கணக்கும் ஆய்வில் பிறந்தது இல்லை. 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற, அடிகளை எண்ணும் கருவியோடு வந்தது. 2019-இல் வயதான பெண்களிடம் நடந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே மரண அபாயம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. முட்டி வலியோடு மொட்டை மாடியில் ராத்திரி பத்து மணிக்கு மீதி அடியை முடித்துக்கொண்டிருக்கும் அம்மாக்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சர்க்கரை ஊசி என்று நாம் சொல்லும் எடைக்குறைப்பு மருந்துகளும் வாசலுக்கு வந்துவிட்டன. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி இந்தியச் சந்தைக்கு வந்தன. உண்மையிலேயே வேலை செய்யும் மருந்துகள் இவை. எடையும் குறைகிறது, சர்க்கரையும் குறைகிறது. நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததையும் ஆய்வு காட்டியிருக்கிறது. அப்படியென்றால் இது கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை, தொடர் மருத்துவம். தொடர் மருத்துவத்துக்குத் தொடர்ந்து பார்க்கும் ஆள் வேண்டும்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு மஞ்சப்பையைக் காட்ட வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வாரம் ஒரு நாள் நோயாளிகளைப் பார்க்கிறேன். தையல் வேலை செய்யும் ஓர் அம்மா வந்தார், ஐம்பது வயதைத் தாண்டியவர். தலைசுற்றல். என்ன மருந்து சாப்பிடுறீங்க அம்மா என்றேன். மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஆன்லைனில் போட்டு அனுப்பியவை. அசுவகந்தா கம்மி பாட்டில். ஆப்பிள் சைடர் வினிகர் மாத்திரை. தண்ணீரில் போட்டால் நுரைக்கும். மல்டிவைட்டமின். முட்டிக்கு கொலாஜன் தூள், வெண்ணிலா வாசனை. புரோட்டீன் டப்பா ஒன்று, மூடியில் சீல் உடைக்காமல். “பொண்ணு பாசமா அனுப்புது சார், வேணாம்னு சொல்ல முடியல” என்றார். டப்பாக்களுக்கு அடியில், ஓரத்தில், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பழைய அட்டை. ஆம்லோடிபின். பிரஷர் மாத்திரை. பத்தில் நான்குதான் கிழிக்கப்பட்டிருந்தது. ஏன் நிறுத்தினீங்க என்றேன். “இவ்வளவு சாப்பிடறமே, இது வேற எதுக்குன்னு விட்டுட்டேன் சார்.” பிரஷர் பார்த்தேன். 178-க்கு 104.

அந்த மேசையில் இருந்த டப்பாக்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால் பல ஆயிரம் வரும். அந்த ஆம்லோடிபின் அட்டை அரசு மருத்துவமனையில் இலவசம். கடையில் வாங்கினாலும் சில பத்து ரூபாய். அவரைப் பக்கவாதத்திலிருந்து காக்கக்கூடியது அந்தப் பையிலேயே அது ஒன்றுதான். மகளின் பாசத்தில் குறையில்லை. அந்தப் பாசத்துக்கு வழிகாட்ட யாரும் இல்லை. வழிகாட்டியதெல்லாம் போன் திரையில் ஓடிய விளம்பரம்.

அந்த அம்மா தனி ஆள் இல்லை என்பதற்குப் பெரிய கணக்கே இருக்கிறது. தொற்றா நோய்களை அறிய 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், 18 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 100-க்கு 7.3 பேர். சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் இருந்தவர்கள் 100-க்கு 10.8 பேர். மற்றவர்களில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களிலும் மருந்தை விட்டுவிட்டவர்கள் உண்டு. கொரோனாவில் யார் அதிகம் இறந்தார்கள் என்று திரும்பிப் பாருங்கள். இறந்தவர்களில் பலருக்கு இந்த இரண்டில் ஒரு நோயாவது இருந்தது. பெருந்தொற்று நமக்குச் சொன்ன செய்தி இதுதான். எதிர்ப்பு சக்தி என்று நாம் தேடிப் போனதில் பெரும்பங்கு, தவறாமல் விழுங்கிய ஒரு சாதாரண மாத்திரையில் இருந்தது.

மாத்திரையைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானியின் வேலை. அதை ஒருவர் தினமும் விழுங்கும்படி செய்வது வேறு வேலை. அந்த இரண்டாவது வேலையை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த ஊர் நம் சென்னை. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை.

எலெக்ட்ரிக் ரயிலில் போகிறவர்கள் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைத் தினம் கடக்கிறார்கள். 1928-இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக அந்தச் சானடோரியத்தை நிறுவினார். திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு என்பதுதான் அன்றைய வைத்தியம், மருந்தே இல்லாத காலம். இன்றைய ரிசார்ட்டுகளில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு கொடுக்கும் அதே காற்றும் ஓய்வும், அன்று நோயாளியின் உயிருக்குப் பிடிமானம். பிறகு மருந்து வந்தது. ஆனால் இடம் போதவில்லை. நோயாளிகள் பல லட்சம், படுக்கை சில ஆயிரம். சானடோரியத்தில் படுக்கை கிடைக்காத ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் பிழைப்பானா? இந்தக் கேள்விக்கு விடை தேட 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை தாங்கினார்.

சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். மீதிப் பேர் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் முழு ஓய்வும் காற்றோட்டமும். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான அறையில், அரைகுறைச் சாப்பாட்டில், பலர் வேலைக்கும் போய்க்கொண்டு. ஆண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். 1959-இல் முடிவு வெளியானபோது உலகம் முழுக்கச் சானடோரியங்களின் அவசியமே கேள்விக்குள்ளானது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை என்று தொடர்ந்து கவனித்து உறுதி செய்தார்கள்.

வீட்டில் இருந்தவர்கள் எப்படித் தேறினார்கள்? மருந்து நல்ல மருந்து, சரி. அந்த மருந்தை அவர்கள் விழுங்கினார்களே, எப்படி? சுகாதாரப் பார்வையாளர்கள் சந்து சந்தாக நடந்து அவர்களின் வீட்டுக்குப் போனார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். சாப்பாடும் ஓய்வும் மாளிகையும் தந்ததற்கு ஏறத்தாழ இணையானதை, திரும்பத் திரும்ப வந்த காலடி தந்தது.

இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை நான் பார்க்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. இரண்டாவது அலை ஓய்ந்து, ஆஸ்பத்திரிக்கு வரவே மக்கள் அஞ்சிக்கொண்டிருந்த நேரம். சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் பிரஷர் மெஷினும் சர்க்கரை பார்க்கும் கருவியும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். நடக்க முடியாதவருக்கு இயன்முறை மருத்துவர், படுத்த படுக்கையானவருக்கு நோய் ஆதரவுச் செவிலியர். 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளி. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது.

ஒரு காலை நேரம் அப்படி ஒரு பெண்ணோடு நானும் நடந்தேன். முதல் வீட்டில் பெரியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலில். “தாத்தா, போன மாசம் குடுத்த மாத்திரை எங்க?” என்றாள். அவர் டிவிக்கு மேலே கையைக் காட்டினார். எடுத்து எண்ணினாள், ஒன்பது மீந்திருந்தது. திட்டவில்லை. “காலையில காப்பி எத்தன மணிக்கு?” என்று கேட்டாள். ஆறு என்றார். மாத்திரை அட்டையை டிவி மேலிருந்து எடுத்துக் காப்பித்தூள் டப்பாவோடு சேர்த்து வைத்துவிட்டு, மருமகளிடம் “அக்கா, இது இங்கேயே இருக்கட்டும்” என்றாள். அவ்வளவுதான். எந்த ஆப்பும் எனக்குத் தெரிந்து இதைச் செய்யாது. ஆப் நினைவூட்டும், காப்பி டப்பா எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. சம்பளம் இல்லை. ஆறு லட்சம் கோடி டாலர் சந்தை என்று உலகம் பேசுகிற துறையில், நோயைக் கட்டுப்படுத்தும் வேலையை நேரடியாகச் செய்கிறவள் இன்னும் தன்னார்வலர் என்ற பெயரில் இருக்கிறாள். இது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கும் உறுத்த வேண்டும் என்று விரும்புகிறேன். அவர்களுக்கு முறையான ஊதியமும் பயிற்சியும் பணிப் பாதுகாப்பும் கேட்பது அரசு ஊழியர் சங்கத்தின் வேலை மட்டுமில்லை, நம் எல்லோருடைய ஆரோக்கியத்தின் வேலை.

மனநலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனாவின் முதல் ஆண்டில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. தியான ஆப்கள், ஆன்லைன் கவுன்சலிங் எல்லாம் பெருகின. அதில் ஒரு நன்மையை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில் இருந்த கூச்சம் இளைஞர்களிடம் நன்றாகக் குறைந்திருக்கிறது. என் தலைமுறைக்கு இது கிடைக்கவில்லை. பணம் கட்டிப் பேச முடியாதவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவை, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், இலவசம். இந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் உங்களிடம் ஒருநாள் யாராவது அழுவார்கள்.

சரி, கடையில் வாங்குவதை என்ன செய்வது? சட்டம் மெதுவாக நகர்கிறது, ஆனால் நகர்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, போர்ன்விட்டா போன்ற பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. ஹார்லிக்ஸும் அதே மாதம் தன் வகைப் பெயரை மாற்றிக்கொண்டது. அதே மாதத்தில்தான் கேரள மருத்துவர்கள் குழு ஒன்று, இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பொடிகளைச் சோதித்து, ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரோட்டீன் அளவு தவறு என்று வெளியிட்டது. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லியும் இருந்தன. இந்தச் சோதனையை ஒரு மருத்துவர் குழு தன் முயற்சியில் செய்ய நேர்ந்தது ஏன்? கடைக்கு வருவதற்கு முன்பே அரசு ஆய்வகம் செய்திருக்க வேண்டிய வேலை அது. மாவட்டத்துக்கு ஒரு முழுமையான உணவு ஆய்வகம் என்று நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. வேர்க்கடலை, சுண்டல், முட்டை, மீன், பருப்பு இவற்றில் இல்லாத புரோட்டீன் எந்த டப்பாவிலும் இல்லை. சாமை, வரகு, தினை திரும்ப வந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் சர்க்கரை நோயாளி ஒருவர் சிறுதானியம்தானே என்று நான்கு கரண்டி சாமைப் பொங்கல் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவுதான் மருந்து.

நடப்பதற்கு வாட்ச் வேண்டாம். நடைபாதை வேண்டும். 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கினார்கள். நல்ல காரியம். அந்தத் தையல்கார அம்மா அங்கே போக முடியாது. அவருக்கு வேலை முடியும் நேரம் ராத்திரி ஏழு. அவர் தெருவில் விளக்கு எரிந்து, நாய்த் தொல்லை இல்லாமல், சாக்கடை மூடியிருந்தால் அவர் நடப்பார். ஊராட்சிக் கூட்டத்தில் தெருவிளக்கு கேட்பதை நான் ஒரு மருத்துவச் சீட்டாகவே எழுதிக் கொடுக்கத் தயார்.

மஞ்சப்பை அம்மாவின் நிலை இப்போது என்ன என்று கேட்பீர்கள். மகளைப் போனில் கூப்பிட்டுப் பேசினேன். பிள்ளை அழுதுவிட்டாள். “இனிமே என்ன சார் அனுப்பட்டும்?” என்றாள். ஒரு நல்ல டிஜிட்டல் பிரஷர் மெஷின் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயே போன் போட்டு அம்மாவைப் பார்க்கச் சொல்லி நம்பரை எழுதி வை என்றேன். அந்த நோட்டுப் புத்தகம் போன மாதம் என்னிடம் வந்தது. 134-க்கு 84.

மன்றத்தின் வாசலில் வலது பக்கம் மேசை போட்டு இரண்டு செவிலியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் பிரஷர் பார்த்துவிட்டுப் போங்கள். போய் உடனே கையை நீட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள், கால் இரண்டும் தரையில் ஊன்றி இருக்கட்டும், கால்மேல் கால் வேண்டாம், பேச வேண்டாம். காப்பி இப்போதுதான் குடித்தவர்கள் அரை மணி கழித்துப் போங்கள். 140-க்கு 90-க்கு மேல் இருந்தால் உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரின் பெயரை அங்கேயே எழுதித் தருவார்கள். அதுவரை கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.